மூன்று முறை இழுத்த கயிறு

தாங்கள் நம்பவேண்டும் என்று நான் வற்புறுத்தப் போவதில்லை. பேய், ஆவி என்று பேசிய மாணவர்களை வகுப்பு முடியும்வரை நிற்கவைத்த தமிழாசிரியன் நான். அத்தகையவன் பட்டப்பகலில் கண்டதை, கண்டவாறே சொல்கிறேன்.

திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர, எங்கள் புத்தூர் ஆந்திரத்திலேயே நின்றுவிட்ட சமயம். தந்தையார் பக்கவாதத்தால் பேச்சிழந்து கிடந்தார். கைகால்களில் வலக்கை மட்டும் அசையும். தாயார் முன்னரே மறைந்துவிட்டார். தந்தையைப் பேணுவதற்குத் திருத்தணிக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து செங்கம்மா என்னும் கைம்பெண்ணை அழைத்துவந்து வீட்டோடு வைத்திருந்தேன்.

பழைய வேட்டிக் கரையைக் கிழித்து அவளே ஒரு கயிறு திரித்தாள். ஒரு முனை தந்தையின் மணிக்கட்டில். மறுமுனையின் வளையம் அவள் கால் கட்டைவிரலில். ஒருமுறை இழுத்தால் தண்ணீர், இருமுறை இழுத்தால் சிறுநீர்க் கலம், மும்முறை என்றால் உடனே வா. இந்தக் கணக்கு எங்கள் மூவருக்கு மட்டுமே தெரியும். தந்தையார் வேண்டுமென்றே இழுத்து அவளை அலைக்கழிப்பார். “ஏன் நைனா, என் காலு இன்னா கோயில் மணியா, நென்ச்சப்பல்லாம் இஸ்துப் பாக்குற?” என்று சிரித்தபடி வாயைத் துடைத்துவிடுவாள். அவள் கையால் அன்றி வேறெவர் கையாலும் அவர் உண்ணமாட்டார்.

ஒருநாள் அவளுக்கு அஞ்சலட்டை வந்தது. எழுத்தறியாத அவள் என்னிடம் நீட்டினாள். அவளுடைய தாய் படுத்த படுக்கையாகிவிட்டாள், மகளின் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறாள், உடனே வரவும் என்று தம்பி யாரையோ கொண்டு எழுதியிருந்தான். புத்தூரில் தற்காலிக ஆசிரியனாக இருந்த எனக்கு மறுநாள் திருத்தணியில் நிரந்தரப் பணிக்கான நேர்காணல். அவள் போய்விட்டால் தந்தையை யார் பார்ப்பது? ஆகவே, “அனைவரும் நலம், ஆடி மாதம் வந்தால் போதும் என்று எழுதியிருக்கிறான்” என்று படித்தேன். அவள் முகம் மலர்ந்தது. அட்டையை என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அந்த அட்டையுடனேயே மறுநாள் புகைவண்டியில் போனேன். அவள் ஊர் திருத்தணியிலிருந்து நடக்கும் தொலைவுதான். நான் போய்ப் பார்க்கவில்லை.

அதற்கும் அடுத்த நாள் நண்பகலுக்குப் பிறகு வீடு திரும்பினேன். வேலை கிடைத்துவிட்டது. செங்கம்மா கொல்லைக் கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவள் கழற்றி வைத்த வளையம் அறை வாசற்படியருகே தரையில் கிடந்தது. தந்தையார் உறங்கிக்கொண்டிருந்தார். நம்பினாலும் நம்பாவிட்டாலும் சொல்கிறேன், தளர்ந்து கிடந்த அந்தக் கயிறு என் கண்ணெதிரே விறைத்து நிமிர்ந்தது, வெறும் வளையம் தரையைவிட்டு எழும்பிற்று, உறங்கியவரின் மணிக்கட்டு மும்முறை வெடுக்கென்று இழுபட்டது, அவர் விழித்துக்கொண்டார். காற்றில்லை, பூனையில்லை, அறையில் நான் மட்டுமே நின்றிருந்தேன்.

ஈரக்கையோடு செங்கம்மா ஓடிவந்தாள். “கூப்ட்டியா நைனா? காலுல இஸ்துச்சே.” அவள் காலில் கயிறு இல்லை. தந்தையார் தலையை மெல்ல அசைத்து மறுத்தார். அவள் என்னைப் பார்த்தாள். “அந்தக் கார்டை இன்னொருவாட்டி பட்ச்சிச் சொல்லு வாத்தியாரே. மன்சு ஒருமாதிரியா கீது.”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வேலைக்கான உத்தரவு கையில் இருந்தது, அவள் போனால் அது இல்லை. அவள் முன் பொய்யனாக நிற்கவும் மனம் ஒப்பவில்லை. சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, முன்பு சொன்ன பொய்யையே ஒரு சொல் பிசகாமல் மீண்டும் படித்தேன்.

மறுநாள் காலை அவள் தம்பி வந்தான். “அம்மா நேத்து மத்தியானம் பூட்ச்சி, அக்கா. கடைசீல பேச்சு இல்ல. கட்டிலு கயித்தப் புட்ச்சிக்கினு மூணு வாட்டி இஸ்துச்சி, அவ்ளோதான். ஒடனே வரச்சொல்லி கார்டு போட்டனே, நீ ஏன் வர்ல?”

செங்கம்மா அழவில்லை. உள்ளே சென்று வளையத்தை எடுத்துவந்து என் காலடியில் வைத்தாள். “இனிமே இத்த நீ கட்டிக்கோ வாத்தியாரே.” படியிறங்கிப் போனவள் திரும்பவேயில்லை.

திருத்தணி வேலைக்கு நான் போக முடியவில்லை. கயிற்றை என் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டேன். இறக்கும்வரை தந்தையார் இழுத்தபோதெல்லாம் மும்முறைதான் இழுத்தார். நான் போய் நின்றால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். நான் ஊட்டிய கஞ்சி கடைவாய் வழியே வழியும். கயிற்றையும் அவரோடு சிதையில் வைத்து எரித்தேன்.

இன்று திருப்பதியில் மகன் வீட்டில் நானே படுக்கையில் இருக்கிறேன். என்னைப் பார்த்துக்கொள்ள ஒடிசாவிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். தலைமாட்டில் அழைப்பு மணிக்கான பொத்தான் உண்டு. கயிறு எதுவும் இல்லை. ஆயினும் நாள்தோறும் நண்பகலுக்குப் பிறகு என் வலக்கால் கட்டைவிரல் இழுபடுகிறது. ஒருமுறையோடு நின்றிருந்தால், தண்ணீர்தான் கேட்கிறது என்று எங்கேனும் ஒரு குவளை வைக்கச் சொல்லியிருப்பேன். எண்ணிப் பார்த்துவிட்டேன், ஒருநாளும் மூன்றுக்குக் குறைவதில்லை.