மாரிசெல்வி கேட்ட ஞாயிறு

பொறாமை என்று சொன்னால் பிரவீனாவுக்குக் கோபம் வரும். வேறு நல்ல பெயர் யாரிடமாவது இருந்தால் சொல்லலாம், அவளும் சந்தோஷமாக வைத்துக்கொள்வாள். ஜனவரியில் அந்தத் தெற்கத்திப் பெண் மைதானத்துக்குள் கால் வைத்த நாளிலிருந்து வயிற்றில் ஏதோ எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பழியை அவள் கேன்டீன் சாம்பாரின் மேல் போட்டுவந்தாள்.

பிரவீனாவுக்கு இருபத்தொன்பது வயது. ஊர் வல்லக்கோட்டை. ஒரகடத்தில் கார்களுக்குள் போகும் வயர்களைக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றும் கம்பெனி ஒன்றில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறாள். அந்தக் கம்பெனியின் பெண்கள் கால்பந்து அணிக்கு ஏழு வருடமாக கேப்டன். முன்வரிசையில் நடுவில் நின்று கோல் அடிக்கும் இடமும் ஒன்பதாம் நம்பர் சட்டையும் அவளுடையவை. பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் 'கல்யாணத்துக்கு அப்புறம் அரை டவுசர் போட்டு ஆடறதெல்லாம் வேணாம்' என்றார்கள். இரண்டு பேரையும் காபி ஆறுவதற்குள் அனுப்பிவைத்தாள். அவள் அம்மா பாஞ்சாலி இன்னமும் அதற்காக மூக்கைச் சிந்துகிறாள். இத்தனைக்கும் மாவட்டப் போட்டியில் அந்த அணி ஒருமுறைகூட ஃபைனலை எட்டிப் பார்த்ததில்லை. ஒன்பதாம் நம்பர் சட்டையோடு ஒரே ஒரு ஃபைனல் ஆடிவிட்டு முழங்காலுக்கு ஓய்வு கொடுத்துவிடுவது என்று பிரவீனா முடிவு செய்திருந்தாள்.

பழைய ஆட்களில் பாதிப் பேர் கல்யாணமாகிப் போய்விட்டதால், இந்த சீசனில் ஹாஸ்டலில் தங்கியிருக்கும் ட்ரெயினிப் பெண்களைத் தேற்றி அணியில் சேர்ப்பது என்று கோச் பரசுராமன் சொன்னார். பகலில் அவர் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர், சாயங்காலத்தில்தான் விசில்.

தேறாதவர்களைத் தேற்றுவதில் பிரவீனாவுக்கு ஒரு குறையும் இல்லை. எழிலரசி என்று ஒரு பெண், கோல்கீப்பராக நிறுத்தினால் பந்து வரும்போது முகத்தை மூடிக்கொள்வாள். அவளை மணலில் விழவைத்து, எழவைத்து, மார்ச் மாதத்துக்குள் பாய்ந்து பிடிக்கப் பழக்கியது பிரவீனாதான். ஓடினால் மூச்சு வாங்கியவர்கள் ஓடினார்கள், பந்தை உதைக்கத் தெரியாமல் தரையை உதைத்தவர்கள் பந்தை உதைத்தார்கள். 'இதெல்லாம் நான் வளத்தது' என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டாள்.

மாரிசெல்வியோ தேறியே வந்தவள். தூத்துக்குடிப் பக்கம் ஏதோ கிராமம், பத்தொன்பது வயது, ஒல்லிக் குச்சி. முதல் நாள் வெறுங்காலோடு பந்தை எடுத்துக்கொண்டு நான்கு பேரைத் தாண்டிப் போய், "இது சரியாக்கா?" என்று பிரவீனாவிடம்தான் கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம். பிரவீனா ஒரு கோல் அடித்தால் பரசுராமன் 'ம்' என்று தலையசைப்பார்; ஏழு வருடமாக அதுதான் அவளுக்குக் கிடைத்த பாராட்டு. மாற்று ஆளாக இறங்கிய மாரிசெல்வி இருபது நிமிடத்தில் இரண்டு கோல் போட்டபோது, அதே பரசுராமன் செருப்பு கழன்றது தெரியாமல் ஓடினார். அந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்தபடி பிரவீனா கைதட்டினாள்.

அதன் பிறகு அந்தப் பெண் என்ன செய்தாலும் உறுத்தியது. சிரித்தால் தளுக்கு, சிரிக்காவிட்டால் திமிர். கேன்டீனில் அவளுக்கு வடை பெரிதாக விழுவது போலிருந்தது. பயிற்சி முடிந்து எல்லோருடைய தண்ணீர் பாட்டிலையும் அவள் நிரப்பி வைத்தால், பாட்டில் நிரப்பியே கேப்டன் ஆகப் பார்க்கிறாள் என்று தோன்றியது.

ஏப்ரலில் அணி செமிஃபைனலுக்குப் போனது. பரசுராமன் பிரவீனாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னா பிரவீனா, இந்த மேட்ச்ல நீ கொஞ்சம் பின்னால எறங்கி ஆடு. முன்னால அந்தப் பொண்ணு நிக்கட்டும். வேகம் கீது அதுக்கு."

"சரி சார்," என்றாள் பிரவீனா. வீட்டுக்குப் போய்த் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, பசிக்கவில்லை என்று அம்மாவிடம் எரிந்து விழுந்தாள்.

அந்தக் கம்பெனிப் பெண்களிடம் 'மியூச்சுவல்' என்று ஒரு வழக்கம் உண்டு. ஒருத்திக்கு வேலையிருந்தால் இன்னொருத்தி அவள் ஷிஃப்டைப் பார்த்துக்கொடுப்பாள். பிறகு பார்த்துக்கொடுத்தவள் எந்த நாளைக் கேட்கிறாளோ, அந்த நாளில் அவளுடைய ஷிஃப்டை இவள் பார்க்க வேண்டும். கேட்ட நாளை மறுக்கக் கூடாது, தனக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பவும் கூடாது. மறுத்தவளுக்கு அந்தக் கம்பெனியில் அப்புறம் ஒரு ஈ, காக்கை உதவாது. ஞாயிற்றுக்கிழமையும் லைன் ஓடும் இடத்தில் இப்படித்தான் பதினோரு பேரை மைதானத்துக்குக் கொண்டுபோக முடிந்தது. யாருக்கு யார் என்று பேசி முடித்து, சூப்பர்வைசர் அறிவுமதியிடம் லிஸ்ட் கொடுப்பது கேப்டனின் வேலை.

செமிஃபைனல் ஞாயிறு மாலை மூன்றரைக்கு, காஞ்சிபுரத்தில். வேன் பன்னிரண்டு மணிக்கே கிளம்பிவிடும். பிரவீனாவுக்குக் காலை ஷிஃப்ட், ஆறிலிருந்து இரண்டு வரை. ராஜம்மா பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். மாரிசெல்விக்கு மதிய ஷிஃப்ட், இரண்டிலிருந்து பத்து வரை; அதைப் பார்ப்பதாகச் சந்திரம்மாள் ஒத்துக்கொண்டாள். வயர்களை விரித்துக் கட்டும் போர்டுகளில் பிரவீனாவுக்குப் பக்கத்து போர்டில் எட்டு வருடமாக நின்று டேப் சுற்றுகிறவள் இந்தச் சந்திரம்மாள்.

வெள்ளிக்கிழமை பிரவீனா அவளிடம் போய், "உனுக்கு வேலையில்லக்கா. அந்தப் பொண்ணுக்கு முட்டி வலியாம், ஆடலயாம்" என்றாள். மாரிசெல்வியிடம் போய், "எவ்ளோ கேட்டுப் பாத்துட்டேன்டி, உனுக்கு மட்டும் ஆளு கெடைக்கல" என்றாள். மாரிசெல்வியின் முகம் சுருங்கியதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்துக்கு அடியில் குளுகுளுவென்றும் இருந்தது. லிஸ்டில் அவள் பெயர் இல்லை.

ஞாயிறு விடிகாலை ராஜம்மா போன் செய்தாள். குழந்தைக்குக் காய்ச்சல், வர முடியாது. பிரவீனா பதறிப்போய் அறிவுமதியைக் கூப்பிட்டாள். "நீ மேட்ச பாரும்மா, ஆளு நான் போட்டுக்கறேன்," என்றார் அவர். யாரைப் போடப்போகிறார் என்று பிரவீனா கேட்கவில்லை. அன்று அவளே முன்வரிசை நடுவில் நின்று ஆடினாள். கடைசிப் பத்து நிமிடத்தில் அவள் தலையில் பட்டுப் பந்து உள்ளே போனது. ஒன்றுக்குப் பூஜ்ஜியம். ஏழு வருடத்தில் முதல் ஃபைனல். பரசுராமன் இரண்டு செருப்பும் காலில் இருக்க வந்து, "ம்," என்றார்.

திங்கட்கிழமை ஷிஃப்ட் மாறியது. இந்த வாரம் பிரவீனாவுக்கு மதியம், மாரிசெல்விக்குக் காலை. இரண்டு மணிக்கு லாக்கர் அறையில் ஒருத்தி வெளியே போகவும் மற்றவள் உள்ளே வரவும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள்.

"நேத்து உங்க ஷிஃப்ட நாந்தாம்க்கா பாத்தேன்," என்றாள் மாரிசெல்வி. "சூப்பர்வைசர் சார் காலைல அஞ்சு மணிக்கு ஹாஸ்டலுக்கு போன் பண்ணுனாவ. கேப்டன் இல்லன்னா மேட்ச்சு போயிருமேன்னு வந்துட்டேன். அப்புறம் ரெண்டு மணிக்கு என் ஷிஃப்ட்டயும் பாத்தேன்."

பதினாறு மணி நேரம்.

"டீ டைம்ல சந்திரம்மா அக்கா என் முட்டி எப்படி இருக்குன்னு கேட்டாவ. நல்லாத்தான இருக்குன்னேன்." மாரிசெல்வி லாக்கரைப் பூட்டினாள். "அப்பமே நான் வேனுக்கு ஓடியிருக்கலாம். உங்க போர்டுல வேற ஆள் இல்ல, லைன் நின்னுரும். அதாம் போவல."

"அது வந்து, மாரி..."

"வர்ற ஞாயித்துக்கெழம எனக்குக் காலை ஷிஃப்ட்டுக்கா. அத நீங்க பாத்துக் குடுங்க. மியூச்சுவல்."

வரும் ஞாயிறுதான் ஃபைனல்.

வேறு நாள் கேள் என்று சொல்ல வழியில்லை, கேட்ட நாள் கேட்ட நாள்தான். மறுத்துவிடலாம். மறுத்தால் மூன்று மணிக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிடும், கேப்டனே மறுத்த பிறகு அவள் லிஸ்டில் இருக்கும் மற்றப் பத்துப் பேருக்கும் யாரும் ஷிஃப்ட் பார்க்கமாட்டார்கள். ஃபைனலே இருக்காது. ஒரு கணம் அதுகூடப் பரவாயில்லை என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. பிறகு லிஸ்டை எடுத்து மாரிசெல்வி பெயரை எழுதி, எதிரில் தன் பெயரை எழுதினாள்.

ஃபைனல் அன்று காலை ஆறு மணிக்கு மாரிசெல்வியின் போர்டில் போய் நின்றாள். பன்னிரண்டு மணிக்கு கேட்டில் வேன் ஹாரன் அடித்தது. இரண்டு மணிக்குத் தன் போர்டுக்கு மாறினாள். மூன்றரைக்குப் பிறகு டேப் கோணலாகவே சுற்றியது. ஜெயிக்கட்டும் என்று நினைத்தால் அந்தக் குச்சிக் கால் கண்ணுக்குள் ஓடியது. தோற்கட்டும் என்று நினைத்தால் எழிலரசி கோலுக்குள் விழுந்து அழுதாள்.

ஆறு மணிக்கு அறிவுமதி போனைத் தூக்கிக்கொண்டு லைனுக்கு ஓடிவந்தார். "ஜெயிச்சாச்சு! ரெண்டு பூஜ்ஜியம்!"

"யாரு போட்டது?" என்று பிரவீனா கேட்டாள்.

"ரெண்டும் அந்தப் பொண்ணுதாம்மா. இந்தா, வீடியோவே கீது பாரு."

திரையில் ஒன்பதாம் நம்பர் சட்டை தொளதொளவென்று தொங்க, கோப்பையைப் பிடித்தபடி மாரிசெல்வி மைக்கில் பேசிக்கொண்டிருந்தாள். "இந்தக் கோப்பை எங்க கேப்டன் பிரவீனா அக்காவுக்கு. நான் ஆடணும்னு அவிய எனக்காவ அங்க ஷிஃப்ட்டு பாத்துகிட்டு நிக்காவ. இப்படி மனசு யாருக்கும் வராது." மைதானமே கைதட்டியது. லைனில் நின்ற பெண்களும் கைதட்டினார்கள். ஒருத்தி வந்து பிரவீனாவின் தோளைக் கட்டிக்கொண்டாள். அறிவுமதிக்குக் கண் கலங்கிவிட்டது.

நக்கலா, நிஜமா? வீடியோவை மறுபடி ஓட்டச் சொல்லி அந்த முகத்தையே உற்றுப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. கோலைப் பிடுங்கிக்கொண்டாள், சட்டையைப் பிடுங்கிக்கொண்டாள், இப்போது நல்லவள் என்ற பெயரையும் அவளே எடுத்துப் பிச்சையாகப் போடுகிறாள். இல்லை என்று மறுத்தால் அந்த வெள்ளிக்கிழமைப் பொய்யும் வெளியே வரும். பிரவீனாவின் வயிறு பற்றி எரிந்தது. முகம் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

அந்த லைனில் கைதட்டாதவள் சந்திரம்மாள் ஒருத்திதான். டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, பிரவீனாவின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"சிரிச்சது போதும், லைன் ஓடிகினு கீது. கைய நவுத்து."