நிறுத்த ஆளில்லாத பாட்டு

என் தங்கையின் கணவர் ஒரு ஜாஸ் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவர். அந்த இசைக்கு நல்ல தமிழ்ப்பெயர் ஒன்று ஆக்கித் தருவதாக அவரிடம் நான் வாக்களித்துப் பல்லாண்டுகள் கழிந்துவிட்டன. பெயர் இன்னும் அமையவில்லை. பெயரில்லாமலேயே அவர் வாசித்துக்கொண்டிருக்கிறார். அதனால் அவருக்குக் குறையொன்றும் நேர்ந்ததாகத் தெரியவில்லை.

பேஸ் என்பது நான்கு தடித்த கம்பிகளைக் கொண்டு மிகத் தாழ்ந்த சுரங்களை எழுப்பும் கருவி. அவையோர் அதனைத் தனித்துக் கேட்பதில்லை; அது நின்றுபோனால் மட்டும், ஏதோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். மாப்பிள்ளையின் இயல்பும் ஏறக்குறைய அத்தகையதே. திருமணப் புகைப்படத்திலேயே என் தங்கைக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்பவர் அவர். வாரநாள்களில் துறைமுகத்துப் பழுதுபார்க்கும் பட்டறையில் பணி. சனிக்கிழமை மாலைகளில் கடலோர விடுதியொன்றில் வாசிப்பு.

போர்ட் பிளேயரில் இசைக்குழுக்களுக்குத் தலைமை பெரும்பாலும் கப்பலில்தான் வந்திறங்கும். மாற்றலாகி வரும் அலுவலர் ஒருவர் ஒரு சாக்சபோனையோ நல்ல குரலையோ உடன் கொண்டுவருவார். சில வாரங்களில் குழு அவருடையதாகிவிடும். பின்பு அவருக்கு மீண்டும் மாற்றல் ஆணை வரும்; வழியனுப்பு விருந்தில் குழுவினரே வாசிப்பார்கள்; வாசித்து முடித்துவிட்டு அடுத்தவருக்காகக் காத்திருப்பார்கள். தீவிலேயே பிறந்து எங்கும் மாற்றலாகாத மாப்பிள்ளை இவ்வாறு எத்தனையோ தலைவர்களை வரவேற்று வழியனுப்பியிருக்கிறார். முன்னே நிற்பவர் மாறிக்கொண்டே இருப்பார். பின்னே நிற்பவர் மாறவே மாட்டார்.

சென்ற ஆண்டு, சாக்சபோன் வாசித்த அலுவலர் புறப்பட்டுச் சென்றார். அவரிடத்திற்கு வந்தவரோ இசையில் நாட்டமற்றவர், பூப்பந்தாட்டக்காரர். குழுவில் எஞ்சியவர்கள் மாப்பிள்ளையும், டிரம்ஸ் வாசிக்கும் வங்காளிக் கடைக்காரரும், கீபோர்டு வாசிக்கும் மலையாளி ஆசிரியருமே. விடுதி உரிமையாளர் ஒரேயொரு சனிக்கிழமை தருவதாகச் சொன்னார். தலைவர் ஒருவரை முன்னிறுத்தி அன்று அவையைக் கட்டிப்போட்டால் குழு தொடரலாம். இல்லையேல் பதிவுசெய்த பாடல்களை ஒலிபெருக்கியில் விட்டுவிடுவாராம்.

கராச்சர்மாவிலிருந்து பேருந்தேறி நான் ஷாதிபூரிலுள்ள தங்கை வீட்டிற்குச் சென்றிருந்த ஞாயிற்றுக்கிழமை, அவள்தான் இச்செய்தியை அவிழ்த்தாள்.

"அண்ணே, அடுத்த ஆபீசர் கப்பல்ல வரட்டும்னு உக்காந்திருக்காரு இவரு. இவரே முன்னால நின்னா என்னவாம்?"

"நான் பேஸ்காரன்," என்றார் மாப்பிள்ளை. "பேஸ்காரன் முன்னால நின்னா பாக்குறவனுக்கு என்ன இருக்கு?"

"பின்னால நின்னப்ப மட்டும் என்ன இருந்துச்சு?" என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பி, "பாட்டு வேற எழுதியிருக்காரு அண்ணே. குளிக்கும்போது பாடுதாரு. எனக்குக் கேக்காதுன்னு நெனப்பு" என்றாள்.

மாப்பிள்ளையின் காது மடல்கள் சிவந்தன. வற்புறுத்தலுக்குப் பின் ஒன்றைப் பாடிக் காட்டினார். துறைமுகத்தில் கணவனுக்காகக் காத்து நிற்கும் பெண்ணின் பாட்டு அது. 'ஜகாஸ் லேட்டு, கண்ணே, பாரிஷ் வேற' என்று தொடங்கியது. கப்பலுக்கும் மழைக்கும் தமிழில் சொல் இல்லையா என்று நான் வினவி, 'காலந்தாழ்த்தும் நாவாய்' என்றும், 'மழைப்பொழிவு' என்றும் திருத்தங்கள் வழங்கினேன். அவர் இரண்டு முறை பணிவோடு பாடிப் பார்த்தார்.

"மச்சான், நீங்க குடுத்த வார்த்தையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தூக்கத்தான் ஹார்பர் கிரேன் வேணும்."

தங்கை சிரித்த சிரிப்பில் திருத்தங்களை நான் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

மாப்பிள்ளை கிட்டாரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "டீக் ஹை, நிக்கேன்," என்றார். "ஒரு தடவதான். சரிப்படலன்னா அப்புறம் பாட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எவன் கப்பல்ல வந்தாலும் அவன் பின்னாலயே நின்னுக்கிடுதேன்." விளையாட்டாகச் சொல்பவர் போலத்தான் சொன்னார். ஆனால் ஏற்கெனவே சுருதி சேர்ந்திருந்த கம்பியையே மீண்டும் மீண்டும் முறுக்கிக்கொண்டிருந்தார்.

ஒத்திகைகள் அவ்வீட்டுப் பின்னறையில் நடைபெற்றன. இயன்ற நாள்களில் நானும் சென்று அமர்ந்தேன். பாட்டு உச்சத்தில் இருக்கும்போது தங்கை தேநீர்த் தட்டுடன் கதவருகே தோன்றுவாள். மூவரும் கருவிகளை இறக்கி வைப்பார்கள். குடித்த பின் அடுத்த பாட்டு. யாவும் செவ்வனே நடப்பதாக எங்களுக்கு ஐயமே இல்லை.

அந்தச் சனிக்கிழமை விடுதியின் புல்வெளி நிறைந்திருந்தது. சுற்றுலா வந்தோர் பாதி, ஊர்க் குடும்பங்கள் பாதி. தலைவருக்கென ஒலிவாங்கி முன்னே நடப்பட்டிருந்தது. மாப்பிள்ளை வழக்கம்போல் நேரே டிரம்ஸ் அருகே சென்று நின்றுகொண்டார். பணியாளர் ஒருவர் ஒலிவாங்கியைத் தூக்கிச் சென்று அவரிடமே வைக்க வேண்டியதாயிற்று. அவர் மற்ற இருவரையும் இந்தியில் அன்புடன் அறிமுகம் செய்தார். தம்மைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனக்கும் தங்கைக்கும் அடுத்த மேசையிலிருந்தவர், தலைவர் எப்போது வருவார் என்று பணியாளரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

கப்பல் தாமதமான பாட்டு முதலில் எழுந்தது. சொல்லக்கூடாது, நன்றாகவே இருந்தது. நாற்காலிகளின் கீழ்க் கால்கள் தாளமிட்டன. பல்லவி முடிந்து, சரணம் முடிந்து, கீபோர்டு தன் தனித்திறம் காட்டி முடித்து, பல்லவி மீண்டும் வந்தது. அதன்பின் மற்றொரு முறை வந்தது. பிறகும் வந்தது.

மாப்பிள்ளையின் கண்கள் முன்னே வெறுமையாயிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. அங்கு நிற்கும் தலைவர் கையை இறக்கினால் நிறுத்துவது அவருடைய ஆயுட்காலப் பழக்கம். டிரம்ஸ்காரர் மாப்பிள்ளையைப் பார்த்தார். கீபோர்டுக்காரர் டிரம்ஸ்காரரைப் பார்த்தார். அந்தப் பெண் துறைமுகத்தில் மறுபடியும் நின்றாள். கப்பல் மறுபடியும் தாமதமாயிற்று. சூப்புக் கிண்ணங்கள் அகற்றப்பட்டு மீன் வறுவல் வந்து அதுவும் தீர்ந்தது. அவையில் முதலில் புன்னகை, அடுத்து முணுமுணுப்பு. "அண்ணா, எப்போ முடிக்கிறது?" என்று டிரம்ஸ்காரர் இந்தியில் கத்தியது எங்கள் மேசை வரை கேட்டது. மாப்பிள்ளையின் நெற்றி வியர்வையில் மின்னியது.

தங்கை என் கையைப் பற்றினாள். "ஐயோ அண்ணே! வீட்டுல நான் சாயா கொண்டு வந்தாதான நிறுத்துவாவ. பாட்டுக்கு முடிவே போடல!"

வெட்கம் தாளாமல் வெளியே போய்விடலாமென்று அவள் எழுந்து நின்றாள். அவள் எழுந்தது கண்டதுதான் தாமதம், மூவரும் ஒரே கணத்தில், இழைபிசகாமல் நிறுத்தினார்கள்.

கைதட்டல் அதிர்ந்தது. அடுத்த மேசைக்காரர் அதனை முன்பே வகுத்த நுட்பம் என்றே கருதித் தலையசைத்தார். தங்கை மட்டும் அமரும்போது உரத்த குரலில், "இனிமே நான் எழும்ப மாட்டேன், பாத்துக்கோங்க!" என்றாள். ஊர்த் தமிழர்கள் சிரித்துவிட்டனர். மாப்பிள்ளைக்கும் சிரிப்பு வந்தது. அன்று மாலை அவர் முகத்தில் நான் கண்ட முதல் சிரிப்பு அதுவே.

அவர் குனிந்து கிட்டாரின் மின்கம்பியை முன்னே எட்டுமளவு அவிழ்த்துத் தளர்த்தினார். ஒலிவாங்கியைத் தம் கையாலேயே எடுத்துக்கொண்டு முன்னே வந்தார். அவைக்கு முதுகு காட்டாமலும் குழுவைக் கண்மறைக்காமலும் பக்கவாட்டில் திரும்பி நின்றார்.

"அடுத்தது ஸ்லோ பாட்டு. நான் எழுதுனது. இதுக்கும் முடிவு கிடையாது. இப்ப போடப் போறேன்."

வழியனுப்பிவிட்டுத் துறைமுகத்திலேயே நின்றுவிடும் ஒருவனின் பாட்டு அது. இந்திச் சொற்கள் இதிலும் இருந்தன, நான் எண்ணவில்லை. மெல்லிய குரல்தான், ஆயினும் பேச்சொலி அடங்கிற்று. இறுதிப் பல்லவியில் அவர் கீபோர்டுக்காரரை நோக்கிப் புருவம் உயர்த்தினார், கீபோர்டு ஓய்ந்தது. தலையை லேசாக அசைத்தார், டிரம்ஸ் ஓய்ந்தது. பேஸ் மட்டும் தனியே நடந்தது, எவரும் தனித்துக் கேட்டறியாத அந்த ஒலி. அவர் எவ்விடத்தையும் பார்க்கவில்லை. வேண்டுமளவு நடக்கவிட்டுக் கம்பிகளின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

தங்கை எழவில்லை. ஆனால் நாற்காலியின் விளிம்பிற்கு வந்திருந்தாள்.

நிகழ்ச்சி முடிந்ததும் உரிமையாளர் எங்கள் மேசைக்கே வந்தார். மதுரைப் பக்கத்து வணிகர். "அடுத்த சனிக்கிழமையும் வந்துருங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன், அந்த மொதப் பாட்ட மாத்தாதீங்க. அது ஓடுற நேரத்துல ஜனங்க ரெண்டு ரவுண்டு ஆர்டர் பண்ணிட்டாங்க."

பழைய மாப்பிள்ளையாயின், சரி என்று தலையாட்டியிருப்பார்.

"இல்லண்ணே, அதுக்கும் முடிவு வந்துரும். எப்ப நிறுத்தணும்னு நான் சொல்லுதேன்," என்றார் அவர்.

உரிமையாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சரிங்க லீடர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

"பாப்போம்," என்றாள் தங்கை, கணவர் நெற்றியைத் துடைத்துக்கொள்ளத் தன் கைக்குட்டையை நீட்டியவாறே. "வீட்டுல இப்படிப் பேசட்டும்."