என் ஓரகத்தியின் டிராக்டர்

மகள் கார் வாங்குகிறாள் என்று துணைக்குப் போயிருந்தேன். அவினாசி ரோட்டில் ஒரு ஷோரூம். உள்ளே ஏ.சி. குளிரும் புது ரெக்சின் வாசனையும். விற்பனைக்கு நின்ற இளைஞர் என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் ஒரு பொத்தானை அழுத்தினார். இருக்கை என்னையும் தூக்கிக்கொண்டு சப்பரம் மாதிரி அசைந்து அசைந்து முன்னால் போனது. "ஆளுக்குத் தக்கன செட் பண்ணிக்கலாங்க மேடம், ஒரே நிமிஷம்" என்றார். மகள் கை தட்டிச் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. பழைய சுருக்கு, எனக்கு நன்றாகப் பழக்கமான சுருக்கு.

இருக்கையை ஆளுக்குத் தக்கபடி நகர்த்துவது பொத்தான் சமாச்சாரம் ஆகிவிட்டதா? நானறிந்த ஒருத்தி அதற்கு ஒரு மத்தியானம் முழுக்க ஸ்பானரோடு மண்ணில் மல்லாந்து கிடந்தாள். அவள் பெயர் சரசு. என் கொழுந்தனாரின் மனைவி, எனக்கு ஓரகத்தி. அவள்மேல் எனக்கிருந்த பொறாமையைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன். மற்றதெல்லாம் நடுநடுவே தானாக வரும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். திருப்பூருக்கு வெளியே, பனியன் கம்பெனிகள் இன்னும் வந்து சேராத பக்கத்தில் எங்கள் தோட்டம். ஒரு கிணறு, கிழக்கே தென்னையும் வாழையும், மேற்கே ரோட்டை ஒட்டி மழையை நம்பிய மேட்டுக்காடு. மாமனார், அவருடைய இரண்டு மகன்கள், நாங்கள் இரண்டு மருமகள்கள். நான் மூத்தவருக்கு வாக்கப்பட்டவள், பி.ஏ. தமிழ். காதர்பேட்டைப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்ட். காலையில் கைப்பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். சாயங்காலம் சலவைத் துணி வாசனையோடு திரும்புவேன். அந்த வாசனை இப்போதும் எங்காவது மூக்கில் பட்டால் என் விரல்கள் தாமாகத் தட்டச்சு அடிக்கும். நான் கவிதையும் எழுதுவேன். இதை ஊரில் ஒருவரும் கேட்கவில்லை என்றாலும் நானாகவே சொல்லிவிடுவது வழக்கம்.

சரசு பத்தாவதோடு நின்றவள். திருமுருகன்பூண்டிப் பக்கத்துப் பெண். அவளுடைய அப்பன் வீட்டு ரோட்டோர நிலத்தில் ஒரு வெல்டிங் பட்டறை வாடகைக்கு இருந்ததாம். பொம்மை வைத்து விளையாட வேண்டிய வயதில் நட்டும் போல்ட்டும் வைத்து விளையாடியிருக்கிறாள். ஆள் குள்ளம், என் தோளுக்குத்தான் இருப்பாள். குரல் மட்டும் அடுத்த தோட்டம் வரைக்கும் கேட்கும்.

மாமனார் ஊட்டிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து பழைய சின்ன டிராக்டர் ஒன்றைப் பிடித்து வந்தார். மங்கிய ஆரஞ்சு நிறம். பெரிய டிராக்டருக்குப் பக்கத்தில் நிறுத்தினால் கன்றுக்குட்டி மாதிரி இருக்கும். கொழுந்தனார் இரண்டு நாள் ஓட்டிவிட்டு இடுப்பு வலிக்கிறதென்று இறங்கிவிட்டார். எங்கள் வீட்டுக்காரருக்குப் பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. வண்டி கோழிகளுக்கு நிழல் கொடுத்துக்கொண்டு நின்றது. ஒருநாள் காலையில் சரசு கேட்டாள்.

"நான் ஓட்டிப் பாக்கட்டுங்களா மாமா?"

"ஓட்டு கண்ணு. வண்டி என்ன கடிக்கவா போவுது?"

நான் அப்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சாயங்காலம் திரும்பும்போது அவள் கிணற்றைச் சுற்றி வட்டமடித்துக்கொண்டிருந்தாள். மாமனார் துண்டை உதறி உதறி அவளுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வந்துட்டீங்களா அம்மணி" என்றார். கவனித்தீர்களா? அவள் கண்ணு, நான் அம்மணி. மரியாதை எனக்கு, பிரியம் அவளுக்கு. அந்த வீட்டில் ஒரு தடவையாவது கண்ணு என்று கூப்பிடப்பட வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்குக் குறுக்கே புகை விட்டுக்கொண்டு அந்த வண்டி நின்றது.

அதன்பிறகு அவள் வண்டியைத் தனக்கேற்றபடி வளைக்கத் தொடங்கினாள். இருக்கை அவளுக்குத் தூரம். அப்பன் வீட்டுப் பட்டறையில் துளை போடும் மிஷினை இரவல் வாங்கிவந்து, இருக்கையின் அடித்தகட்டில் புதுத் துளைகள் போட்டு, முன்னால் தள்ளி, உயரமாக்கி மாட்டினாள். மெத்தை கிழிந்திருந்தது. அதற்குள் என்ன திணித்தாள் தெரியுமா? கம்பெனியிலிருந்து நான் மூட்டை கட்டிக் கொண்டுவந்த பனியன் வேஸ்ட். பாத்திரம் துடைக்கவும் தலையணைக்கும் ஆகுமென்று பஸ்ஸில் எல்லோரிடமும் திட்டு வாங்கிச் சுமந்துவந்தது. அவள் அதன்மேல் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு, "மேகத்து மேல உக்காந்தாப்பல இருக்குதுங்க்கா" என்றாள். கவிதை எழுதுகிற நான் சொல்லியிருக்க வேண்டிய உவமை.

சேலை ஒரு தொந்தரவு. பின்னால் சுழலும் தண்டில் முந்தானை சிக்கினால் ஆளே போய்விடும். பழைய எண்ணெய் பீப்பாயை வெட்டித் தகடாக்கி இரண்டு பக்கமும் மறைப்பு கட்டினாள், பெண்கள் சைக்கிளுக்கு வலை கட்டுவார்களே, அதுபோல. கியர் கம்பியின் குமிழ் உடைந்து கையைக் குத்தியது. நூல் மில்லில் நூல் சுற்றும் மரப் பாபின் ஒன்றைச் செருகினாள். பாரம் இழுக்கும்போது மேட்டில் முன்சக்கரம் எழும்பியது. பூண்டிச் சிற்பப் பட்டறைக்குப் போய், மூலை உடைந்ததால் ஒதுக்கிப் போட்டிருந்த பீடக்கல் ஒன்றை வாங்கிவந்து எடைக்காக வண்டியின் முன்னால் பூட்டினாள். அதில் பாதி செதுக்கிய தாமரை இதழ்கள் இருந்தன.

மாமனார் பதறிவிட்டார். "சாமி பீடத்தயா கண்ணு வண்டில மாட்டுவாங்க?"

"ஒடஞ்ச கல்லுதானுங்க மாமா. சாமி இன்னும் வந்து உக்காரல. வந்தாலும் நடக்காம சவாரி போலாமுங்க."

அவர் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சட்டையெல்லாம் தெறித்தது. நான் சொன்ன எதற்கும் அவர் சட்டை அழுக்கானதில்லை.

அந்த நாட்களில்தான் சிற்றிதழ் ஒன்றில் என் கவிதை வந்தது. முதல் கவிதை. தபாலில் வந்த இதழைப் பிரித்து, பக்கத்தை மடித்து, மாமனாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தார். "நல்லாருக்குதுங்க அம்மணி" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றாமலேயே திரும்பி, "கண்ணு, அந்தச் சக்கரம் என்னாச்சு?" என்றார்.

சக்கரம் என்ன ஆயிற்று என்றால், சரசு பின்சக்கரம் இரண்டையும் கழற்றி, உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி மாட்டியிருந்தாள். வண்டியின் அகலம் குறைந்துவிட்டது. இப்போது வாழை வரிசைகளுக்கு நடுவில் ஒரு இலை கிழியாமல் போய்க் களை ஓட்டலாம். அதைப் பார்க்க அக்கம்பக்கத் தோட்டத்துக்காரர்கள் வந்தார்கள். என் கவிதையைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. நியாயம்தான், கவிதை களை எடுக்காது. ஆனால் அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

ரோட்டோர லைன் வீடுகளில் தெற்கத்திப் பெண்கள் குடியிருந்தார்கள். கம்பெனிகளில் ஓவர்லாக் தையல் அடிப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சரசு அவர்களை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போவாள். "எக்கா, நீங்களும் வாங்களேன், எடம் கெடக்கு" என்று அந்தப் பெண்கள் என்னைக் கூப்பிடுவார்கள். தலைவலி என்பேன். வண்டி திரும்பும்வரை அவர்கள் சிரிப்பு கேட்கும். நான் கதவைச் சாத்திக்கொண்டு மேகம் பற்றி எழுதப் பார்ப்பேன். மேகத்துக்குள் பனியன் வேஸ்ட் தெரியும்.

பிறகு பங்கு பிரித்தார்கள். சண்டையெல்லாம் இல்லை. மாமனாருக்கு உடம்பு முடியாமல் ஆனதும் தன் கண் முன்னால் முடித்துவிட வேண்டும் என்று சொன்னார். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: மூத்தவர் இரண்டு கூறாக வைப்பார், இளையவர் முதலில் எடுத்துக்கொள்வார். கூறு வைப்பவருக்கு இளையவர் எதை எடுப்பார் என்று தெரியாது. அதனால் நியாயமாக வைப்பார் என்பது ஏற்பாடு. ஆனால் அவருக்குப் பெண்டாட்டி ஒருத்தி இருக்கிறாளே. கிணறு இருக்கும் கூறைத்தான் கொழுந்தனார் எடுப்பார் என்று கணக்குப் போட்டு, காபி டம்ளரை நீட்டும்போது நான் சொன்னேன்: "கெணத்தோட கெழக்கு ஒரு கூறு. மேட்டுக்காட்டோட டிராக்டரு ஒரு கூறு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டிராக்டரு நமக்கெதுக்கு? யாரு ஓட்டறது?"

"நான் ஓட்டறனுங்க."

காபி அவருக்குப் புரை ஏறியது. ஆனாலும் அப்படியே வைத்தார். இதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. வேண்டும் என்று நினைத்தேன், வழி தெரிந்தது, கேட்டேன்.

மாமன்மார் இரண்டு பேர் வந்து உட்கார, கொழுந்தனார் ஒரு கணமும் யோசிக்காமல் கிணற்றுப் பக்கத்தை எடுத்தார். சரசு மாட்டுச் சாளைக்குப் பக்கத்தில் சாணிக் கையோடு நின்றிருந்தாள். அழுவாள் என்று பார்த்தேன். அவள் டிராக்டரின் பக்கம் திரும்பக்கூட இல்லை, கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணி இருந்தா வண்டி வாங்கிக்கலாம்" என்று புருஷனிடம் சொல்லி அனுப்பியவளே அவள்தான் என்று பிற்பாடு தெரிந்தது. ஜெயித்தது யார் என்ற குழப்பம் எனக்கு அன்றே தொடங்கிவிட்டது.

மறுநாள் காலை வண்டியில் ஏறினேன். ஏறினேன் என்பது பெருமைக்குச் சொல்வது. உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்தன. காலை அகட்டினால் பீப்பாய்த் தகடு கெண்டையைக் கிழித்தது. எங்கள் வீட்டுக்காரர் ஏறிப் பார்த்தார், காலை மடக்கிய தவளை மாதிரி இருந்தார். வண்டி எங்களுடையதுதான். ஆனால் அதன் ஒவ்வொரு இரும்பும் இன்னொருத்தியின் அளவில் இருந்தது. அவளுடைய ரவிக்கையை நான் போட்டுக்கொண்ட மாதிரி.

புதிதாக நட்ட எல்லைக் கல்லைத் தாண்டி அவளே வந்தாள், கையில் ஸ்பானரோடு.

"எறங்குங்க்கா. நீங்க ஒசரம், எப்படி உக்காருவீங்க?"

"வேண்டாம் சரசு, நாங்க ஆள வெச்சுப் பண்ணிக்கறோம்."

"இதுக்கெதுக்குங்க ஆளு? பழைய ஓட்டையெல்லாம் அப்படியேதான் இருக்குது. எதுக்கும் இருக்கட்டும்னு மூடாமத்தான் உட்டேன்."

அவள் மண்ணில் மல்லாந்து படுத்துக்கொண்டாள். வெயில் உச்சிக்கு வந்து, சாய்ந்து, நிழல் நீளும்வரை எழுந்திருக்கவில்லை. இருக்கையைப் பின்னால் தள்ளினாள், தாழ்த்தினாள், தகட்டை மடக்கினாள். நான் குடையா பிடிப்பேன்? சும்மா நின்றேன். கடைசியில் எழுந்து முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டு, "இப்ப ஏறிப் பாருங்க" என்றாள்.

ஏறினேன். சரியாக இருந்தது. அளவெடுத்துத் தைத்த மாதிரி, எங்கும் இடிக்காமல் அத்தனை சரி. ஒரு போல்ட்டையாவது அவள் அரைகுறையாக முடுக்கியிருந்தால், ஒரு சொல்லாவது குத்தலாகச் சொல்லியிருந்தால் என் பொறாமைக்கு ஒரு போக்கு கிடைத்திருக்கும். அதற்கும் வழி விடவில்லை. மாமனார் கட்டிலில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓட்டுங்க அம்மணி" என்றார். நான் ஓட்டினேன். நேராகப் போய், வேப்பமரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றேன்.

மாமனார் அடுத்த மழைக்காலத்துக்கு இல்லை. கடைசிவரை அம்மணிதான் நான்.

சில போகம் நான்தான் ஓட்டினேன். மேட்டுக்காட்டில் ஓட்டுவதற்கு அப்புறம் என்ன இருந்தது? மழை ஏமாற்றியது. எங்கள் வீட்டுக்காரர் ரோட்டோரம் ஷெட் போட்டுத் தையல் மிஷின்களை இறக்கினார். டிராக்டர் துணி உருளைகளைச் சாயப்பட்டறைக்கு இழுத்தது. நிலத்தை உழுத வண்டி துணி சுமந்தபோது அதன் சத்தமே மாறிவிட்டதாக எனக்குத் தோன்றும். பிறகு ஒரு மினி லாரி வந்தது. பிறகு ஒருநாள் நான் ஆபீசிலிருந்து திரும்பியபோது வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. பழைய இரும்புக்காரர் ஓட்டிப் போனார் என்றார்கள். ஓட்டித்தான் போனார், அந்த அளவுக்கு நல்ல நிலையில் இருந்திருக்கிறது. சரசுவின் கிணற்றில் தண்ணீர் நிறம் மாறி, உப்பேறி, தென்னைகள் கொண்டை காய்ந்தன. அவர்களும் விற்றுவிட்டு மகனோடு கோயமுத்தூர் போய்ச் சேர்ந்தார்கள்.

போன ஆவணியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் சரசு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தலைக்குச் சாயம், கையில் செல்போன், அதே குரல். மண்டபமே திரும்பிப் பார்த்தது. பேரன் பேச்சு, முழங்கால் பேச்சு எல்லாம் முடிந்து ஓர் இடைவெளி வந்தபோது கேட்டுவிட்டேன்.

"அந்த டிராக்டர நெனச்சுக்குவியா சரசு?"

"எந்த டிராக்டருங்க்கா?"

"நம்ம தோட்டத்துல இருந்துதே."

"ஓ, அதுங்களா! நீலக் கலர்ல ஒண்ணு நின்னுதுங்களே?"

"ஆரஞ்சு."

"இருக்கும் இருக்கும்."

"சீட்டை முன்னாடி தள்ளி மாட்டுனியே."

"நானுங்களா?" சிரித்தாள். "உங்க கொழுந்தனாரு மாட்டியிருப்பாருங்க்கா. எனக்கு அதெல்லாம் என்னங்க தெரியும்?"

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை காலத்தில் அவள்மேல் எனக்கு வந்த நேர்மையான கோபம் அதுதான். இல்லை, நீதான் மாட்டினாய் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். துளை போட்டது, பீப்பாயை வெட்டியது, பாபினைச் செருகியது, பூண்டிக் கல், திருப்பிப் போட்ட சக்கரம். மேகம் என்று சொன்னதையும் சொன்னேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள், அடுத்த ஊர்ப் பெண்ணின் கதையைக் கேட்பதுபோல.

"அடேங்கப்பா! அந்தப் புள்ள கெட்டிக்காரியா இருந்திருப்பா போலருக்குதுங்க்கா" என்றாள். "வாங்க, பந்தி போட்டுட்டாங்க."

தோட்டம் போயிற்று. கிணறு இருந்த இடத்தில் கம்பெனிக் கட்டடம். வண்டி உருகி எந்த ஊர்க் கம்பியாக நிற்கிறதோ. கடைசியில், அதைத் தனக்கேற்றபடி வளைத்தவளின் நினைவிலிருந்தும் அது இறங்கிப் போய்விட்டது. பங்கில் வந்தும் என்னுடையது ஆகாத அந்த டிராக்டர் இப்போது எனக்கே எனக்கு. வேறு யாரிடமும் அதன் ஒரு போல்ட்டுகூடக் கிடையாது.

பந்தியில் எதிர் வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கி, பக்கத்தில் இருந்தவர்களோடு சிரித்துப் பேசி, ஒன்றும் மிச்சமில்லாமல் இலையை மூடினாள். நான் என் இலையைத் தொடாமல் அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.