கான் ஹொய் பாலத்தில் நின்ற கார்

அன்று காலை அபுல் ஹசன் தேநீரைத் தொடாமல் ஆறவிட்டார். வெளிநாட்டவர் சைகோனில் தங்குவதற்கான அட்டையைப் புதுப்பிக்க மறுநாள்தான் கடைசி நாள். அதற்குக் கராஜ் முதலாளியின் கடிதம் வேண்டும். கடிதம் டைப் அடித்து, முத்திரை குத்தி, முதலாளியின் மேசை இழுப்பறையில் நாலு நாளாகக் கிடந்தது. கையெழுத்து மட்டும் விழவில்லை.

"இன்னைக்கும் வெறுங்கையோட வந்து நிக்காதீங்க," என்றார் மனைவி அஷ்ரஃபுன்னிசா. "வாயத் தொறந்து கேளுங்க. கேட்டா தலையையா வாங்கிடப் போறாங்க?"

"தலைய வாங்க மாட்டாங்க. காரைப் பத்திக் கேப்பாங்க."

அந்தக் கார்தான் வந்த வினை. அமெரிக்காவில் செய்தது, பத்து வயதானது, படகு மாதிரி நீளம். கிளச் கிடையாது, வேகத்தைப் பார்த்துத் தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஜாதி. மூன்று வாரத்துக்கு முன் கியர் பெட்டியின் அடியில் ஆயில் கசிகிறது என்று கராஜுக்கு வந்தது. ஹசன் அடித்தட்டைக் கழற்றி, வடிகட்டியைக் கழுவி மாட்டி, புதிய கேஸ்கெட் வைத்து அனுப்பினார். கசிவு நின்றது. ஆனால் இரண்டாவது வாரத்திலிருந்து வண்டி வேறு குணம் காட்டத் தொடங்கியது. மாற வேண்டிய இடத்தில் கியர் மாறவில்லை. மாறும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல மாறியது. மேடு ஏறும்போது எஞ்சின் கத்தியதே தவிர சக்கரம் கேட்கவில்லை.

"நீ தொட்ட பிறகுதான் இப்படி" என்று கார்ச் சொந்தக்காரர் சொல்லிவிட்டுப் போனார். முதலாளி அம்மா பா ஹாய் அதைக் கேட்டார். இழுப்பறையைப் பூட்டினார், அவ்வளவுதான்.

ஹசன் பத்தொன்பது வயதில் காரைக்காலிலிருந்து சைகோனுக்கு வந்தவர். மாமாவின் துணிக்கடையில் ஆறு மாதம் நின்றார். அளந்து கிழித்த துணியெல்லாம் கோணல். ஒரு நாள் கடை வேன் நடுத்தெருவில் நின்றபோது, காதை வைத்துக் கேட்டே கோளாறைக் கண்டுபிடித்தார். "ஒன் கை துணிக்கில்லடா, இரும்புக்கு" என்று மாமாவே கான் ஹொய் பேட்டையில் இருக்கும் இந்தக் கராஜில் கொண்டுவந்து விட்டார். பிரெஞ்சுக்காரர்களின் வண்டிகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. அமெரிக்க வண்டிகள் வர ஆரம்பித்ததும், நொறுங்கிய கார் ஒன்றின் கியர் பெட்டியை இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளில் பிரித்துப் பிரித்துக் கோத்தார். ஆங்கிலப் புத்தகம் படிக்க வராது. படங்களைப் பார்த்தார்.

அப்படிப்பட்டவருக்கு இப்போது தன் கைமீதே நம்பிக்கையில்லை. வடிகட்டியைப் பிடித்து நிற்பவை மூன்று திருகாணிகள். இரண்டை முறுக்கியது நன்றாக நினைவிருந்தது. மூன்றாவது? அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிவிட்டது. மூன்றாவதை முறுக்கினேனா, முறுக்கியதாக நினைத்துக்கொண்டு எழுந்தேனா? தளர்ந்திருந்தால் ஆயிலோடு காற்றும் உறிஞ்சப்படும். காற்றைக் குடித்த கியர் பெட்டி இப்படித்தான் வழுக்கும்.

கராஜில் பா ஹாய் காத்திருந்தார். கணவர் இறந்த பிறகு பதினோரு ஆண்டுகளாகப் பத்து ஆண்களைக் கட்டி மேய்ப்பவர்.

"மதியம் வரைக்கும்தான், ஹசன். கியர் பெட்டியே போயிருந்தால் வண்டியைச் சோலோனில் இருக்கும் சீனர் கராஜுக்கு அனுப்பிவிடுவேன். அதற்குப் பிறகு உனக்கு இங்கே வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்கு நான் கடிதம் கொடுத்தால் அது பொய்க் கடிதம்."

அவர் குரலில் கோபமே இல்லை.

காரின் டிரைவர் லெயோனும் காரைக்கால்காரர்தான். பிரெஞ்சு ராணுவத்தில் லாரி ஓட்டியவர், அதை நாளுக்கு நாலு தடவை சொல்பவர். பிரெஞ்சு மரியாதையோடு 'முசே' என்று கூப்பிட்டால்தான் திரும்புவார்.

"ஆயில் எப்படி இருக்கு, முசே?" என்று கேட்டார் ஹசன்.

"தெனம் காலைல பாக்குறேன் பாய். கழுத்து வரைக்கும் இருக்கு. வண்டிய நீ கெடுத்துட்டு ஆயில் மேல பழி போடாத."

ஆயில் குறையவில்லை. தரையிலும் ஒரு சொட்டு இல்லை. மூன்று ராத்திரி வண்டிக்கு அடியில் விரித்த செய்தித்தாள் உலர்ந்தே இருந்தது. அப்படியென்றால் கோளாறு உள்ளே. உள்ளே என்றால் அந்த மூன்றாவது திருகாணி.

"பாலம் வரைக்கும் ஓட்டு. மேட்டுல என்ன பண்ணுதுன்னு பாக்கணும்," என்றார். எதற்கும் இருக்கட்டுமென்று இரண்டு டின் ஆயிலையும் ஸ்பானர்களையும் அந்தச் செய்தித்தாளையும் பின்சீட்டில் வைத்துக்கொண்டார்.

கான் ஹொய் பாலத்தின் ஏற்றத்தில் எஞ்சின் அலறியது. வண்டி ஊர்ந்தது. உச்சிக்குச் சற்று முன்னால் நின்றேவிட்டது. பின்னோக்கி உருளத் தொடங்கியதும் லெயோன் பிரேக்கை மிதித்துக் கைப்பிரேக்கையும் இழுத்தார்.

முதலில் பின்னால் ஹாரன்கள் கத்தின. பிறகு ஒவ்வொன்றாக அடங்கின. ஹசன் திரும்பிப் பார்த்தார். மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் பின்வாங்கிக்கொண்டிருந்தன. ஒரு பெண் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினாள். போர் நடந்துகொண்டிருந்த அறுபத்தேழாம் ஆண்டுச் சைகோனில், காவல் உள்ள பாலத்தின் மேல் காரணமில்லாமல் நின்ற காரைப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே நினைப்புதான்: உள்ளே குண்டு.

விசில் ஒலித்தது. காவல் சிப்பாய் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு வந்தான்.

"இறங்கு! ரெண்டு பேரும்! கை மேலே!"

"பிரெஞ்சுக் குடிமகன்னு சொல்லட்டுமா, பாய்?" லெயோன் உதடு அசையாமல் கேட்டார்.

"சொல்லாத. இன்னும் சீக்கிரம் சுடுவான்."

இறங்கினார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கையைத் தலைமேல் வைத்தபடி நின்ற ஹசன் காரின் பின்புறத்தைப் பார்த்தார். புகைக்குழாயிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. வெள்ளைப் புகை, மூட்டை மூட்டையாக.

"என்ன எரியுது உள்ளே?" சிப்பாயின் குரல் உடைந்தது.

ஹசன் மூக்கால் பதில் தேடினார். எஞ்சின் ஆயில் எரிந்தால் நீலப் புகை. அந்த வாடை வேறு. இது வேறு வாடை. கியர் பெட்டி ஆயிலின் வாடை. இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளில் விரல் இடுக்கெல்லாம் ஏறியிருந்த வாடை.

கியர் பெட்டி ஆயில் புகைக்குழாய்க்கு எப்படி வரும்?

"இப்படி எத்தன நாளா பொகையுது?" என்றார் லெயோனிடம், தமிழில்.

"ரெண்டு வாரமா. பழைய எஞ்சின் பாய், பொக விடாம பூவா விடும்?"

ஹசன் சிப்பாயிடம் திரும்பினார். "ஐயா, குண்டு இல்லை. கியர் பெட்டி ஆயில் எஞ்சினுக்குள் போய் எரிகிறது. பானெட்டைத் திறக்க விடுங்கள், காட்டுகிறேன்."

"எவனும் இதைத்தான் சொல்வான்." சிப்பாய் காருக்குள் எட்டிப் பார்த்தான், அடியில் குனிந்து பார்த்தான். துப்பாக்கி மட்டும் தாழவில்லை. "அஞ்சு நிமிஷம். நகரவில்லையென்றால் வண்டியைக் கால்வாயில் தள்ளுவோம்."

பானெட் திறந்தது. ஹசன் முதலில் கியர் பெட்டியின் அளவுக்கம்பியை உருவினார். எஞ்சின் ஓட ஓடவே உருவினார். கம்பியின் நுனியில்கூட ஈரமில்லை.

லெயோன் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்தது. "காலைல கழுத்து வரைக்கும் இருந்துச்சே!"

"எஞ்சின நிறுத்திட்டுத்தானே பாத்தே?"

"பின்னே? பட்டாளத்துல நிறுத்தித்தான்..."

"அது எஞ்சின் ஆயிலுக்கு. இது ஓடும்போது பாக்கணும். நின்னா மேல இருக்கறதெல்லாம் அடித்தட்டுக்கு எறங்கிடும், நெறைய இருக்குற மாதிரி காட்டும்."

எஞ்சினிலிருந்து கியர் பெட்டிக்கு ஒரு மெல்லிய ரப்பர் குழாய் போகிறது. எஞ்சின் எவ்வளவு சிரமப்படுகிறது என்பதை அந்தக் குழாயின் உறிஞ்சலை வைத்துத்தான் கியர் பெட்டி தெரிந்துகொள்ளும். குழாயின் மறுமுனையில் பால் டின் அளவில் ஒரு தகரக் குப்பி, அதற்குள் ரப்பர் சவ்வு. சவ்வு கிழிந்தால் எஞ்சின், குழல் போட்டு இளநீர் குடிப்பதுபோல் கியர் பெட்டி ஆயிலைக் குடிக்கும். தரையில் எப்படிச் சொட்டும்?

"ஐயா, சட்டைப் பையில் கத்தி இருக்கிறது. எடுக்கட்டுமா?"

துப்பாக்கி முனை அவர் விலாவுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. "மெதுவா."

குழாயை அறுத்தார். வெட்டிய வாயிலிருந்து கியர் பெட்டியின் சிவப்பு ஆயில் சொட்டியது. சிப்பாயே குனிந்து பார்த்தான். எஞ்சின் பக்கத் துண்டை அடைக்க வேண்டும். ஹசன் சுற்றும் முற்றும் தேடினார். சிப்பாயின் காதில் வண்டி எண் குறிக்கும் பென்சில் செருகியிருந்தது.

"அந்தப் பென்சில்..."

சிப்பாய் துப்பாக்கியை ஒரு கைக்கு மாற்றினான். பிறகு காதிலிருந்து எடுத்து நீட்டினான்.

பென்சில் குழாய்க்குள் கச்சிதமாகப் போனது. செய்தித்தாளைச் சுருட்டிப் புனல் செய்து இரண்டு டின் ஆயிலையும் ஊற்றினார். புகை மெலிந்தது. லெயோன் ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டார். வண்டி ஒரு உதை உதைத்து, பாலத்தின் உச்சியைத் தாண்டியது.

கராஜில் பா ஹாய் அறுந்த குழாயையும், கழற்றிய குப்பியையும் புரட்டிப் பார்த்தார். சவ்வு நடுவில் கிழிந்திருந்தது. வயதான ரப்பர். "டிரைவர் தினமும் ஆயில் பார்ப்பதாகச் சொன்னாரே?"

லெயோன் தொப்பியைக் கழற்றினார். "தப்பாகப் பார்த்தேன், பா ஹாய்."

"நானும் அவருக்கு எப்படிப் பார்ப்பதென்று சொல்லவில்லை," என்றார் ஹசன்.

பா ஹாய் இழுப்பறையைத் திறந்து கடிதத்தை எடுத்தார். பேனாவின் மூடியைத் திருகினார்.

ஹசன் நகரவில்லை. கோளாறு கிடைத்துவிட்டது. சோலோன் நடைபாதைக் கடைகளில் இந்தக் குப்பி சாயங்காலத்துக்குள் கிடைத்துவிடும். ஆனால் திருகாணி?

"ஒரு மணி நேரம் கொடுங்கள். அடித்தட்டைத் திறக்க வேண்டும்."

"எதற்கு?"

"நான் முறுக்கிய ஒரு திருகாணி. அன்று வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு ஓடும் அவசரத்தில் முறுக்கினேனா என்று தெரியவில்லை."

"பாய்," லெயோன் தமிழில் சீறினார், "பேசாம வாங்கிக்கிட்டுப் போய்யா! பாலத்துலதான் சாகல, இங்க வந்து சாகணுமா?"

பா ஹாய் பேனாவை மேசையில் வைத்தார். கடிதத்தையும் வைத்தார். "திற."

ஹசன் அடியில் படுத்து அடித்தட்டை இறக்கினார். புது ஆயில் முழங்கைவரை வழிந்தது. முதல் திருகாணி அசையவில்லை. இரண்டாவதும். மூன்றாவதில் ஸ்பானரை வைத்து, மூச்சைப் பிடித்து அழுத்தினார்.

கால் சுற்று திரும்பியது. அதற்கு மேல் நின்றுவிட்டது.

வெளியே வந்து நின்றார். "கால் சுற்றுத் தளர்ந்திருந்தது. காற்றுப் போகிற அளவு இல்லை. ஆனாலும் தளர்ந்திருந்தது."

பா ஹாய் கடிதத்தை இழுத்துக் கையெழுத்திட்டு, மையை ஊதி உலர்த்தி நீட்டினார். ஹசன் கையைத் துணியில் துடைக்கத் துடைக்க, ஆயில் போகவில்லை. லெயோன்தான் வாங்கி மடித்து அவர் சட்டைப் பையில் செருகினார்.

"இனிமேல் வெள்ளிக்கிழமை கியர் பெட்டி திறக்காதே," என்றார் பா ஹாய்.

"இன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான், பா ஹாய்."

பா ஹாய் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்படியானால் தொழுதுவிட்டு வந்து மூடு. வண்டி எங்கேயும் போகாது."