ஷெய்ஷெனாலியின் துப்பாக்கி லைசென்ஸ்

எங்கள் மேய்ச்சல் மலையில் ஓநாய்க்கென்று துப்பாக்கி வைத்திருந்தவர் ஷெய்ஷெனாலி. லைசென்ஸ் முடியும் முன்பே அதைப் புதுப்பிக்க அவரை டவுனுக்கு விரட்டுவது மனைவி பாத்மாகானின் வேலை. "கண் டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வா, கெழவா! அப்புறம் ஓநாய என் செருப்பாலயா அடிப்ப?"

இந்த வசந்தத்தில் அவள் செத்துப்போனாள். கம்பளிக் கூடாரத்துக்குள் அவள் உடல் இரண்டு நாளாய்க் கிடக்க, கிழவர் வெளியே தடியூன்றி நின்று, வருகிறவர்களைக் கட்டிக்கொண்டு அழுதார். போலீஸ்காரன் குபாத்தும் எல்லோரையும் போலத் தூரத்திலிருந்தே ஓலமிட்டபடி வந்தான். அந்த அழுகை உண்மைதான். அழுது முடித்துவிட்டுச் சொன்னான், பாவி:

"மாமா, லைசென்ஸ் நேத்தோட முடிஞ்சிருச்சு. துப்பாக்கிய எடுத்துட்டுப் போகணும்."

ஷெய்ஷெனாலி கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு நாளா இவ ஒண்ணுமே சொல்லலையேடா."