பலூன்காரருக்கு ஏழு

நடைவழியின் கடைசி ஜன்னலையும் சாத்திவிட்டுத்தான் பலூன்காரர் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுக்கிறார். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. "புழுக்கத்துல செத்துடுவோம் போலிருக்கு, ஜன்னலை எதுக்குண்ணே சாத்துறீங்க?" என்று குமாஸ்தா கத்துகிறார். "இருபத்தஞ்சு நிமிஷம் பொறுத்துக்கோ. அப்புறம் நீயே கும்பிடுவே" என்கிறார் இவர். சொன்னபடியே மழை வருகிறது. குமாஸ்தா கும்பிடுவதெல்லாம் இல்லை. நனையாத காகிதங்களுக்கு நடுவே தலையைக் குனிந்துகொண்டு தட்டச்சு செய்கிறார்.

வயது நாற்பத்தேழு. ராணுவத்தின் வானிலைப் பிரிவில் சார்ஜென்ட். ஆனால் மூன்று வருடங்களாக வேலை பார்ப்பதென்னவோ பீரங்கிப் பிரிவில். இரவல் கொடுத்திருக்கிறார்கள். பீரங்கிக்காரர்களுக்குப் பச்சை உடுப்பு, இவருக்குச் சாம்பல் நீலம். அணிவகுப்பில் எந்த வரிசையோடும் சேராமல் ஓரடி தள்ளி நிற்பார். உணவுக்கூடப் பட்டியலில் இவர் பெயர் கிடையாது. சமையல்காரர் தினமும் "கூடுதல் ஒண்ணு" என்று எழுதிச் சோறு போடுகிறார். பிரிவின் ஆண்டுவிழாப் படங்கள் எதிலும் இவரைக் காண முடியாது, எடுத்தவரே இவர்தான். சொந்தப் பிரிவு அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அங்கே இப்போதிருக்கும் அதிகாரி இவர் முகத்தைப் பார்த்ததே இல்லை.

காலை ஆறு மணிக்கு மொட்டைமாடியில் வாயு நிரப்பிய வெள்ளை பலூன் ஒன்றைப் பறக்கவிடுவார். அது கண்ணுக்கு மறையும்வரை தொலைநோக்குக் குழாய் வழியே அதைத் துரத்தி, நிமிடத்துக்கு ஒரு கோணம் குறித்து, எந்த உயரத்தில் காற்று எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது என்று கணக்குப் போட்டுக் கொடுப்பார். அதைப் பார்த்துத்தான் பீரங்கியின் வாயைத் திருப்புவார்கள். பலூனை விடும்போது "போயிட்டு வா" என்பார். ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை, அவரும் சொல்வதை நிறுத்தியதில்லை.

எண்கள் விஷயத்தில் மனிதர் கறார். குழாயில் தெரிந்தது பதினேழரை என்றால் பதினேழரைதான். பதினெட்டாக்கிவிடலாமே என்று ஒருமுறை ஒரு சிப்பாய் சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். "தெரிஞ்சதைப் போடு, வேணும்கிறதைப் போடாதே. காத்துக்கிட்ட போய், கொஞ்சம் பாத்து ஏத்திக் குடுன்னு கேப்பியா?" சில மாதங்களுக்கு முன் நடந்த பயிற்சியில், மேல்காற்று திரும்பிவிட்டது, சுடாதீர்கள் என்று கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவரும் இவர்தான். பீரங்கிப் பிரிவின் மேஜர் மறுபேச்சில்லாமல் நிறுத்தினார். சுட்டிருந்தால் குண்டு செங்கல் சூளையில், ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்த இடத்தில் விழுந்திருக்கும். அன்று முதல் மேஜருக்கு இவர்மேல் தனி மரியாதை.

அந்த மரியாதைதான் இந்த வருடம் வினையாக வந்து நின்றது.

அடுத்த பதவி கிடைத்தால் இன்னும் நான்கு வருட வேலை. கிடைக்காவிட்டால் வருகிற ஜூனில் ஓய்வு. குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும், மகளுக்குப் பள்ளிப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. எல்லாம் இந்த வருட மதிப்பீட்டு அறிக்கையின் கையில். அறிக்கையை எழுதுவது, தினமும் வேலை வாங்கும் பீரங்கி மேஜர். அதைப் பார்த்துப் பதவி கொடுப்பது, இவரைப் பார்த்தேயிராத வானிலைப் பிரிவு. படிவம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், மதிப்பெண்ணும் பத்துக்குத்தான். வழக்கம்தான் வேறு.

வானிலைப் பிரிவில் எல்லோருக்கும் ஒன்பது. உழைக்கிறவனுக்கும் ஒன்பது, உட்கார்ந்தே தூங்குகிறவனுக்கும் ஒன்பது. யாரையாவது தண்டிக்க வேண்டுமென்றால் எட்டு. பீரங்கிப் பிரிவிலோ ஐந்து வாங்கினால் நல்ல ஆள், ஆறு வாங்கியவன் ஊருக்குக் கடிதம் எழுதுவான். முன்பிருந்த மேஜர் இதிலெல்லாம் தலையிடாதவர். அவரவர் பிரிவு வழக்கப்படி குமாஸ்தா தட்டச்சு செய்து நீட்டியதில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அப்படி வந்தவைதான் முதல் இரண்டு வருடத்து ஒன்பதுகள். இப்போதைய மேஜர் மனசாட்சிக்காரர், தானே உட்கார்ந்து எழுதுகிறவர்.

திங்கட்கிழமை வானிலைப் பிரிவிலிருந்து பழைய சிநேகிதன் தொலைபேசியில் கூப்பிட்டான். "மச்சான், எட்டுக்குக் கீழே வந்துச்சுன்னா உன் பேரு பட்டியல்லயே ஏறாது. அதுக்கு அறிக்கை வராமலே போனாத் தேவலை. பழைய ஒன்பது ரெண்டையும் வச்சுப் பாத்துடுவாங்க. வெள்ளிக்கிழமைத் தபால்தான் கடைசி, ஞாபகம் வச்சுக்கோ."

"மேஜர்கிட்ட நீங்களே சொல்லிடுங்களேன். வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்றாள் மனைவி.

"எப்படிச் சொல்றது? எனக்கு மார்க்கு ஏத்திப் போடுங்கன்னா?"

"அவர் ஊர் வழக்கம் வேற, நம்ம ஊர் வழக்கம் வேறன்னு சொல்லுங்க. இதுல என்ன தப்பு?"

தப்பு ஒன்றுமில்லைதான். அவருக்கும் அது தெரியும். மூன்று நாள் குளிக்கும்போதெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பகல் மேஜர் கூப்பிட்டனுப்பினார். அறையில் ஜன்னலை ஒட்டி மேசை, மேசைமேல் அறிக்கை. மேஜர் பரிசு கொடுக்க வந்தவர் மாதிரி எழுந்தே நின்றார்.

"பலூன், நான் பதினாறு வருஷமா அறிக்கை எழுதுறேன். யாருக்கும் ஏழு போட்டதில்ல. உங்களுக்குப் போட்டிருக்கேன்."

பலூன்காரர் தொடங்கினார். "ரொம்ப நன்றி சார். ஆனா எங்க பிரிவுல வந்து இந்த ஏழுங்கிறது..."

"தெரியும், தெரியும். அங்கெல்லாம் வாரி இறைக்கிறாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். அதனாலதான் சொல்றேன், என் ஏழுக்கு மதிப்பு இருக்கு. கூடவும் போடல, குறைச்சும் போடல. நான் பாத்ததைப் போட்டிருக்கேன். நீங்க காத்துக்குப் போடுறீங்களே, அந்த மாதிரி."

மூன்று நாள் சொல்லிப் பார்த்த வாக்கியத்தை அவர் அங்கேயே விட்டார். இருபத்தைந்து வருட வேலையில் தன்னை உள்ளபடி பார்த்து ஒருவர் எழுதியது இதுதான் முதல்முறை. அது சந்தோஷமாகத்தான் இருந்தது. அதே ஏழு தன்னை வீட்டுக்கு அனுப்பப்போகிற துக்கமும் கூடவே இருந்தது. பேனாவை வாங்கி, 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். மேஜர் பெருமையாகத் தோளில் தட்டினார்.

"நான் பயிற்சி மைதானத்துக்குக் கிளம்புறேன், திங்கட்கிழமைதான் வருவேன். அது மேசையிலயே இருக்கட்டும். அரை மணியில தபால்காரர் வந்து எடுத்துக்குவார்."

ஜீப் வாசலைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது. அறையில் அவரும் அறிக்கையும் மட்டும். திறந்திருந்த ஜன்னல் வழியே பார்த்தார். மேற்கே அடிவானம் கறுத்து, அதன் அடியில் மஞ்சளாக ஒரு கோடு ஓடியிருந்தது. மைதானத்துக் கொடி தொங்கிப்போய்க் கிடந்தது. எட்டு நிமிடம், மிஞ்சினால் பத்து. முதலில் காற்று, பின்னாலேயே சாய்வாக மழை, நேரே இந்த மேசைமேல். மை கரைந்தால் கரைந்ததுதான். திரும்ப எழுத மேஜர் இல்லை, அவர் வரும் திங்கட்கிழமைக்குள் கடைசித் தபாலும் போயிருக்கும். யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு மாடிக்குப் போனால் போதும்.

வாசல்வரை போனார். முதல் காற்று வந்து காகிதத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தது.

திரும்பி வந்து ஜன்னலைச் சாத்தினார். மேல்தாழ்ப்பாள், கீழ்த்தாழ்ப்பாள் இரண்டையும் போட்டார். மடங்கியிருந்த மூலையை விரலால் நீவிவிட்டு, மேஜர் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருக்கும் பித்தளைப் பீரங்கிக்குண்டு மூடியை எடுத்து, ஏழின்மேல் படாமல் ஓரமாக வைத்தார்.