கோடை நோயைக் கொல்லவில்லை

இந்த வளைகுடா நகரின் கராமாப் பகுதியில் இன்று கூடியிருக்கும் உறவுகளே, கால்நடை மருத்துவர் பெர்னத்தாள் மறைந்த செய்தியை எனக்குச் சொன்னவர், அவரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த செவிலியர் மேரி. "நெஞ்சு வலிக்குன்னு உக்காந்தாவ அண்ணாச்சி. ஆம்புலன்ஸ் வாறதுக்குள்ள முடிஞ்சிட்டு." கேட்டதும் எனக்குத் துயரம் வரவில்லை. சினமே முதலில் வந்தது. அதன் காரணத்தைச் சொல்லவே உங்கள்முன் நிற்கிறேன்.

ஒரு கோடை விடுமுறையில் நான் மதுரையில் இருந்தபோது இங்குள்ள கால்நடை மருத்துவமனையிலிருந்து முன்பின் அறியாத குரலொன்று அழைத்தது. "உங்க கறுப்பி உங்ககூட ஊருக்கு வந்தாளா சார்?" கறுப்பி என் பூனை. "இல்லையே, உங்கள் மருத்துவமனை நடத்தும் பூனை விடுதியில்தானே விட்டு வந்தேன்" என்றேன். "இங்க கம்ப்யூட்டர்ல நாடு திரும்பியாச்சுன்னு போட்டிருக்காவ. பாத்துட்டுப் பேசுதேன்." மாலையில் மீண்டும் அழைத்தார். "மறைக்க மாட்டேன் சார். அவ செத்துட்டா." ஆறுதல் மொழிக்காக நான் காத்திருக்க, "விடுதியில விடுததுக்கு முன்ன வாந்தி எடுத்தாளா?" என்று கேட்டார் பெர்னத்தாள்.

வளைகுடாவில் நாம் அனைவரும் என்றேனும் நாடு திரும்புகிறவர்கள். ஆகவே மருத்துவமனைக்கு வருவதை நிறுத்திவிட்ட விலங்கும் வளர்த்தவரோடு போயிருக்கும் என்று எழுதி முடிப்பது இங்கு வழக்கமாகிவிட்டது. பல மருத்துவமனைகளின் பதிவுகளைத் தொகுத்து வளர்ப்பு விலங்குகளின் நோய்ப்போக்கைக் கண்காணிக்கிறார்கள். அந்தக் கணக்கை வரைந்து காட்டும் கோட்டில் பூனைகளின் கழிச்சல் நோய் கோடைதோறும் தாழ்ந்தது. வெயில் நோயைக் கொல்கிறது என்று மகிழ்ந்தார்கள். "வெயிலு கொல்லல்ல. போன் பண்ணிக் கேட்டியளா?" என்றார் இவர். வராமற்போன ஒவ்வொரு பூனையின் வீட்டையும் தாமே அழைத்தார். நாடு திரும்பியதாக எழுதப்பட்டவற்றுள் பல, அதே விடுதியின் கூண்டுகளில் நோய் தொற்றி இறந்திருந்தன.

விடுதியை மூடிக் கழுவச் சொன்னார். மருத்துவமனை முதலாளி நம் மொழி பேசுகிறவர், சொல்லவே நாணுகிறேன். "கலாஸ், போதும் டாக்டர். மனுசனுக்கே கணக்கில்லாத ஊரு, பூனைக்கு என்ன கணக்கு? பதிவுல கை வச்சா விசா இருக்காது." இவர் கை வைத்தார். 'இறப்பு' என்றே திருத்தி அனுப்பினார். அந்தக் கோடையில் நோய்க் கணக்கின் கோடு தாழாமல் நிமிர்ந்தது. பிற மருத்துவமனைகள் விழித்துக்கொண்டு, தடுப்பூசி போடாத பூனைகளை விடுதியில் ஏற்க மறுத்தன.

இவருக்குக் கிடைத்த பரிசு யாது? வேலையைவிட்டு நீக்கினால் ஊர் கேள்வி கேட்கும் என்று அஞ்சி, மருத்துவம் பார்ப்பதைப் பறித்து, நகம் வெட்டும் மேசையில் நிறுத்தினார்கள். இறக்கும்வரை அங்கேயே நின்றார். "நகம் வெட்டும்போ வாயத் தொறந்து பாத்துக்கிடுவேன் சார். அத எப்படித் தடுப்பாவ?" என்று என்னிடம் சிரித்தார். அவர் சிரித்தார், எனக்கு இன்றும் இயலவில்லை.

மேரி சொன்ன அன்று மாலையே அம்மருத்துவமனையை அழைத்துப் பெர்னத்தாள் இருக்கிறாரா என்று கேட்டேன்.

"டாக்டர் ஊருக்குப் போயிட்டாங்க சார்" என்றாள் வரவேற்பு மேசைப் பெண். அவர் உடல் அப்போது இதே நகரின் பிணவறையில் கிடந்தது.

"வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டீர்களா?" என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்தி, "அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க சார்" என்றாள்.

உறவுகளே, பெர்னத்தாளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றே. அந்தக் கேள்வியோடு நாளை காலை அந்த வரவேற்பு மேசைக்குச் செல்கிறேன். அவர் பெயருக்கு எதிரே 'இறப்பு' என்று என் கண்முன் எழுதும்வரை அங்கேயே நிற்பேன்.